ஏடு முதல் இணையம் வரை: தமிழ் நூல்கள் பொதுவுடைமையான வரலாறு

ஓலைச்சுவடிகளின் இறுதியில், நூல் முடிந்த பின்னர், படியெடுத்தவர் தம் கைப்படச் சில வரிகள் எழுதி வைப்பது பண்டை வழக்கம். ஆண்டின் பெயர், திங்கள், நாள், தம் பெயர், யாருக்காகப் படியெடுத்தார் என்னும் குறிப்பு ஆகியவை அங்கே இடம்பெறும். எழுத்துப்பிழை இருப்பின் கற்றோர் பொறுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற விண்ணப்பமும் பல சுவடிகளில் காணப்படும். நூலாசிரியரின் பெயரே மறைந்துவிட்ட ஏட்டிலும் படியெடுத்தவரின் பெயர் நிலைத்திருப்பதுண்டு. இத்தொழில் சிலருக்குக் கூலிவேலை, சிலருக்கு அறம். சமணர் தாம் போற்றிய நால்வகைத் தானங்களுள் உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திர தானத்தையும் ஒன்றாக வைத்தனர். பசித்தவனுக்குச் சோறிடுவதும் கற்பவனுக்கு ஏடு தருவதும் அவர்களுக்கு ஒரு வரிசையில் நின்றன.

இன்று உயர்கல்வி வட்டாரங்களில் 'திறந்த கல்வி வளங்கள்' என்னும் தொடர் பெருவழக்காக உள்ளது. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் எவரும் விலையின்றிப் பயிலுமாறு வைக்கப்போவதாக அறிவித்தது. மறு ஆண்டில் பாரிசில் யுனெசுகோ கூட்டிய அமர்வில் இத்தொடர் உருவாயிற்று. 2019 நவம்பரில் அந்நிறுவனம் உறுப்பு நாடுகளுக்கு முறையான பரிந்துரையும் வழங்கியது. நம் பயிலரங்குகளில் இவ்வரலாற்றைச் சொல்லி, மேலைநாட்டார் கண்ட புதுநெறி என முடித்துவிடுகிறார்கள். பெயர் புதிது என்பது உண்மை. பொருள் தமிழர்க்குப் புதிதன்று என்பதைக் காட்டுவது எளிது. ஆயினும் பழம்பெருமை பேசுவதற்காக இதனை எழுதவில்லை. ஏட்டின் இறுதியில் இருந்த அந்தச் சில வரிகள் இடையில் எங்கே போயின என்பதே என் கேள்வி.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விலையின்றிக் கிடைப்பதெல்லாம் திறந்த வளம் ஆகிவிடாது. கோடைக்காலத்துத் தண்ணீர்ப் பந்தலில் எவரும் பருகலாம். பானையை எடுத்துச் செல்ல முடியாது. நாளை பந்தலைப் பிரித்துவிட்டால் கேட்பதற்கும் உரிமையில்லை. ஊர்க்குளம் அப்படிப்பட்டதன்று. அதில் முகக்கலாம், பாய்ச்சலாம். தூர் சேர்ந்தால் ஊரார் கூடி வாரவும் வேண்டும். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். திறந்த கல்வி வளம் என்பது இந்தக் குளத்தைப் போன்றது. அதனை வைத்துக்கொள்ளவும், வகுப்பில் பயன்படுத்தவும், திருத்தவும், வேறொன்றோடு சேர்க்கவும், பிறருக்கு வழங்கவும் முன்கூட்டியே இசைவு தரப்பட்டிருக்கும். இணையத்தில் நம் கண்ணுக்குப் படுவனவற்றுள் பெரும்பகுதி தண்ணீர்ப் பந்தல்தான்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த காலத்தை நம் வட்டத்தார் நன்கு அறிவர். 1880இல் குடந்தையில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட ஒரு கேள்வி உ.வே. சாமிநாதையரைச் சீவக சிந்தாமணியின்பால் திருப்பியது. 1887இல் அது அச்சேறியது. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை அதே காலப்பகுதியில் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். இவர்கள் ஏடு தேடி அலைந்த கதைகளில் நான் மீண்டும் மீண்டும் எண்ணுவது ஏடு கொடுத்தவர்களையும் கொடாதவர்களையும் பற்றியே. பெட்டியைத் திறந்து முழுவதையும் அள்ளிக் கொடுத்தவர் உண்டு. வழிபடுவதற்கு மட்டுமே உரியது என்று பூட்டி வைத்தவரும் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் நெருப்பில் இடப்பட்டுவிட்டன என்று அறிந்து ஐயர் உற்ற துயரத்தைத் தமிழுலகம் மறவாது. பூட்டி வைப்பது காப்பதாகாது என்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

ஐயர் தம் பதிப்புகளில் எந்தச் சுவடி எவரிடமிருந்து வந்தது என்பதைப் பெயர் சொல்லிப் பதிவு செய்தார், பாடவேறுபாடுகளையும் கொடுத்தார். அப்பட்டியல்களை நன்றியறிதல் என்றே பலர் கடந்து செல்கின்றனர். அது நன்றி மட்டுமில்லை. ஐயம் கொண்ட ஒருவர் அவ்வூருக்குச் சென்று அவ்வேட்டைப் பார்த்துத் தெளியலாம் என்பதற்கான வழிகாட்டியும் அதுவே. ஏட்டின் இறுதி வரிகள் அச்சு நூலின் முகவுரையில் மறுபிறவி எடுத்தன எனலாம்.

அச்சு வந்ததோடு உரிமை என்னும் புதிய சிக்கலும் வந்தது. அதன் உச்சத்தைப் பாரதியின் வாழ்வுக்குப் பின் காண்கிறோம். 1921இல் கவிஞர் மறைந்தபின் அவருடைய நூல்களை முதலில் செல்லம்மாள் வெளியிட முயன்றார். பின்னர்ப் பதிப்புரிமை கவிஞரின் தம்பி சி. விசுவநாதனிடம் இருந்தது. பாடல்களை ஒலிபரப்பும் உரிமையும் திரைப்பட உரிமையும் கைமாறி ஏவி. மெய்யப்பனிடம் சேர்ந்தன. 1948இல் டி.கே.எசு. சகோதரர்களின் 'பில்கணன்' படத்தில் பாரதி பாடலொன்று இடம்பெற்றதையொட்டி வழக்கு எழுந்தது. நாடு விடுதலை பெற்றுவிட்டது; விடுதலையைப் பாடியவனின் பாட்டுக்கு விடுதலையில்லை என்ற குமுறல் எழுத்தாளரிடையே பரவிற்று. நாரண. துரைக்கண்ணன் முதலியோர் பாரதி விடுதலைக் கழகம் கண்டு, செல்லம்மாளை நேரிற் சென்று பார்த்து இசைவு கேட்டனர். ஏவி. மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். 1949 மார்ச்சுத் திங்களில், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, கல்வியமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் சட்டமன்றத்தில் பாரதியின் படைப்புகளை அரசு ஏற்பதை அறிவித்தார். தொடக்கத்தில் அரசே பதிப்பித்தது. 1950களின் இடைப்பகுதியில் எவரும் அச்சிடலாம் என்றாயிற்று.

இதனை நிகழ்த்தியவர்கள் எழுத்தாளர்கள் என்பது நோக்கத்தக்கது. மறைந்த ஒரு கவிஞனுக்காக, உயிரோடிருந்த கவிஞர்கள் தம் சொந்த ஆதாயம் ஏதுமின்றிப் போராடினர். அமைச்சர் அவினாசிலிங்கமும் வெறும் அறிவிப்போடு நின்றவரல்லர். 1946இல் அவர் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகமே பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. வங்கத்தின் நிலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தாகூர் 1941இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் என்றிருந்த பதிப்புரிமைக் காலம் 1991இன் இறுதியில் அவருக்கு முடிவுற்றது. உடனே 1992இல் சட்டம் திருத்தப்பட்டு அக்காலம் 60 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. ஒரு பெருங்கவிஞனின் பாட்டை நாம் திறந்துவிட்டோம். இன்னொரு பெருங்கவிஞனின் பொருட்டுச் சட்டமே பூட்டை நீட்டித்தது. பாரதி நூல்கள் மலிவு விலையில் சிற்றூர்கள்தோறும் சென்றதற்கு இந்த வேறுபாடே முதற்காரணம் என்பது என் துணிபு.

எனினும் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எவரும் அச்சிடலாம் என்றானபின் எவரும் அச்சிட்டனர். ஒரு பதிப்பைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றொன்று எனப் பிழைகள் பெருகின. தாம் எந்தப் பதிப்பைப் பின்பற்றினோம் என்று குறித்தவர் அரியர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் பாரதி பாடல்களின் ஆய்வுப் பதிப்பை வெளியிட்ட ஆண்டு 1987. நாட்டுடைமை அறிவிப்புக்கும் அதற்கும் இடையே 38 ஆண்டுகள். சீனி. விசுவநாதனின் காலவரிசைப் பதிப்பு வரத் தொடங்கியது அதற்கும் பின்னர். குளத்தை ஊருக்குக் கொடுத்தாயிற்று. தூர் வார ஆள் வருவதற்கு ஒரு தலைமுறை பிடித்தது. பாரதிக்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியுள்ளது. அவர்களுள் எத்தனை பேருக்குத் திருந்திய பதிப்பு வாய்த்தது என்பதை இவ்வட்டத்தின் புலவர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

இணையக் காலத்துக்கு வருவோம். 1971இல் அமெரிக்க மாணவர் மைக்கேல் ஆர்ட்டு பல்கலைக்கழகக் கணிப்பொறியில் அந்நாட்டு விடுதலைச் சாசனத்தைத் தட்டெழுதி வைத்ததிலிருந்து கூட்டன்பர்க்குத் திட்டம் பிறந்தது. தமிழில் அதன் தம்பியாக 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சங்கம் வைத்த ஊரின் பெயர் என்பதனால் மதுரை. இதனை முன்னின்று நடத்திய முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். உடன் நின்ற முனைவர் குமார் மல்லிகார்சுனன் அமெரிக்காவில் இருந்தார். தமிழ்த்துறையினர் தொடங்கியிருக்க வேண்டிய ஒன்றை வேதியியலார் தொடங்கினார் என்பதை எழுதும்போது எனக்குச் சற்று வெட்கமாகவே உள்ளது.

அத்திட்டத்திற்குக் கட்டடமில்லை, ஊதியம் பெறும் பணியாளர் இல்லை. வெவ்வேறு நாடுகளிலிருந்த தமிழர்கள் அலுவல் முடிந்த இரவுகளில் நூலைத் தட்டெழுதினர். இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். மின்னஞ்சல் வழியே பணி நடந்தது. அந்நாளில் தமிழ் எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. ஒருவர் தட்டெழுதிய குறள் இன்னொருவரின் திரையில் பொருளற்ற உரோமன் எழுத்துக் கூட்டமாகத் தோன்றும். இதனைத் தீர்க்கத் தன்னார்வலர்கள் கலந்து பேசித் திசுக்கி என்னும் குறியீட்டு முறையை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. பின்னர் ஒருங்குறி நிலைபெற்றது. 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இத்தனை மாற்றங்களிலும் மதுரைத் திட்டத்தார் தம் நூல்களைப் புதிய குறியீட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்தனர். இன்று ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே உள்ளன.

அவர்கள் வெளியிட்ட ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் ஒரு குறிப்பு உண்டு. தட்டெழுதியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், வெளியிட்ட நாள் எது என்பன அதில் இருக்கும். இக்கோப்பை எவரும் விலையின்றி வழங்கலாம், ஆனால் இத்தலைப்புக் குறிப்பை நீக்காமல் வழங்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். இதை முதன்முதலில் கண்டபோது எனக்குச் சுவடியின் இறுதி வரிகளே நினைவுக்கு வந்தன. ஏட்டின் கடைசியில் இருந்தது கோப்பின் தொடக்கத்திற்கு வந்துவிட்டது, அவ்வளவே வேறுபாடு.

அந்நிபந்தனை எத்தனை இடங்களில் காக்கப்பட்டது? பட்டாபிராமில் என் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து தொடர்வண்டியில் வந்து இந்துக் கல்லூரி நிலையத்தில் இறங்கும் மாணவர் பலருக்குக் கைப்பேசியே நூலகம். வழியெல்லாம் அதில் படித்துக்கொண்டு வருவார்கள். மாணவி ஒருத்தி சங்கப் பாட்டொன்றைக் கைப்பேசியைப் பார்த்து வாசித்தாள். ஒரு சொல்லில் ளகரம் இருக்க வேண்டிய இடத்தில் ழகரம். பொருள் தலைகீழாயிற்று. அவளோ அந்தத் தவறான பாடத்திற்கே அழகான விளக்கம் ஒன்றைச் சொன்னாள்! அச்சு நூலைக் காட்டித் திருத்தினேன். "அம்மா, நான் நாலு இடத்துல பார்த்தேன், நாலுலயும் இப்படித்தான் இருக்கு" என்றாள். அவள் சொன்னது உண்மை. நான்கும் ஒரே மூலத்திலிருந்து எடுக்கப்பட்டவை. நான்கிலும் தலைப்புக் குறிப்பு இல்லை. எவர் தட்டெழுதியது, எந்தப் பதிப்பைப் பார்த்தது, யாருக்கு எழுதித் திருத்தச் சொல்வது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. நான்கு சாட்சிகள் என்று அவள் நம்பியது ஒரே சாட்சியின் நான்கு நிழல்கள்.

பெயர் வரியை நீக்கியவர்கள் தீய நோக்கத்தோடு நீக்கினார்கள் என்று நான் கருதவில்லை. பாட்டுத்தானே முக்கியம், தட்டெழுதியவர் பெயர் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். பெயர் புகழுக்காக இருப்பது என்ற எண்ணத்திலிருந்து எழும் பிழை இது.

இதே சிக்கலை வேறு வகையில் தீர்த்தவர்களும் உண்டு. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001இல் தொடங்கி, 2010இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிற்று. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை அது படமெடுத்து வைத்திருந்தது. அவற்றுள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவை பொது உரிமத்தில் வழங்கப்பட்டுத் தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டன. அங்கே அச்சுப்பக்கத்தின் படம் ஒரு புறம், தட்டெழுத்து மறுபுறம். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் சரிபார்த்தபின்னரே பச்சையாகும். யார் எந்நாளில் எந்த எழுத்தை மாற்றினார் என்பது அழியாமல் பதிவாகும். குடிமராமத்து என்று நான் சொன்னது இதைத்தான். இல்லத்தரசியரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் பக்கம் பக்கமாக இதைச் செய்துவருகின்றனர்.

ஈழத்தமிழர் இத்துறையில் காட்டிய முனைப்புக்கு வேறொரு காரணம் உண்டு. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே படியாக இருந்த ஏடுகள் அவற்றுள் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சிறுவெளியீடுகளையும் படமெடுத்து இணையத்தில் வைத்துவருகிறது. ஊர்க்கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், இலக்கிய வட்டத்தின் சிற்றிதழ் என நாம் எடைக்குப் போட்டுவிடும் பொருள்களையெல்லாம் அவர்கள் பட்டியலிட்டுக் காக்கின்றனர். எரிந்ததைக் கண்டவர்களுக்குத்தான் இரண்டாம் படியின் அருமை தெரிகிறது.

இவற்றைத் தேடுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். பொதுத் தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் பெயர் வரி இழந்த படிதான். ஆகவே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், விக்கிமூலம், மதுரைத் திட்டம், நூலகம் ஆகியவற்றுக்கு நேரே செல்வது நலம். 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலையும் பார்க்க வேண்டும். நூல் கிடைக்காவிடினும் அது எந்த ஆண்டில் எவரால் அச்சிடப்பட்டது என்பதாவது தெரியவரும். நூற்பெயரைச் சேர்த்தும் பிரித்தும் தேட வேண்டும். சந்தி ஒட்டிய பழந்தலைப்பு ஒருபடியாகவும் பிரித்த தலைப்பு வேறுபடியாகவும் பதிவாகியிருக்கும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய நூல்களில் ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களைக் கணிப்பொறி தவறாகப் படித்துவிடுவதும் உண்டு.

உரிமை பற்றியும் ஒரு சொல். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த மறு ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1964இல் மறைந்தவரின் நூல் 2025 சனவரி முதல் நாளில் பொதுவாயிற்று. சங்கப்பாட்டு பழையதுதானே என்று உரையையும் சேர்த்துப் படியெடுத்து வெளியிடுவோர் உளர். மூலம் எல்லார்க்கும் உரியது. உரை எழுதியவர் அண்மையில் வாழ்ந்தவராயின் உரை அவருடையது. 1942இல் மறைந்த ஐயரின் உரைக்குறிப்புகளுக்குத் தடையில்லை. வகுப்புத் தேவைக்குப் படியெடுப்பதைச் சட்டம் தனியே அனுமதிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் கடை மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் 2016இல் தில்லி உயர்நீதிமன்றம் மாணவர்க்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது.

கவிஞர்கள் அஞ்சுவது வேறு. தம் பாட்டைத் திறந்துவிட்டால் இன்னொருவர் தம் பெயரில் போட்டுக்கொள்வாரே என்பது அவர்கள் அச்சம். அது நியாயமானதே. 2002இன் இறுதியில் வந்த படைப்பாக்கப் பொதும உரிமங்கள் இதற்கு வழி செய்கின்றன. நாட்டுடைமையில் குடும்பத்தார் தொகை பெற்று உரிமையை விட்டுவிடுகின்றனர். இவ்வுரிமத்தில் பதிப்புரிமை ஆசிரியரிடமே இருக்கும். என் பெயரைச் சொல்லிப் பயன்படுத்து என்ற இசைவை மட்டும் அவர் முன்னதாகவே எழுதித் தந்துவிடுகிறார். விற்பனைக்கு ஆகாது என்ற தடையையும் விரும்பினால் சேர்க்கலாம். ஆயின் அத்தடையைச் சேர்த்தால் சிற்றூர்ப் பதிப்பாளர் ஒருவர் அடக்க விலைக்கு மேல் பத்து உரூபாய் வைத்து அச்சிடுவதும் ஐயத்துக்குரியதாகிவிடும். விக்கிமூலத்திலும் சேர்க்க இயலாது. 2013இல் தொடங்கிய கட்டற்ற தமிழ் மின்னூல் முயற்சி, வாழும் எழுத்தாளர் பலரை இவ்வகையில் தம் நூல்களை வழங்கச் செய்துள்ளது.

இவ்வளவும் எழுதுகிற நானும் ஒரு காலத்தில் பூட்டி வைத்தவள்தான். முனைவர் பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் ஆய்வு மாணவர் ஒருவர் என் ஆய்வேட்டைக் கேட்டார். இன்னும் அச்சாகவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டேன். என் உழைப்பை அவர் எடுத்துக்கொள்வார் என்ற அச்சமே உண்மைக் காரணம். அது இன்றுவரை அச்சாகவில்லை. அவர் வேறு தலைப்பில் ஆய்வு செய்து முடித்தார். நான் தொகுத்த அட்டவணைகளில் இரண்டு பிழைகள் இருந்ததைப் பத்தாண்டுகள் கழித்து நானே கண்டேன். அன்றே கொடுத்திருந்தால் அவர் முதலாண்டிலேயே கண்டிருப்பார்.

நம் வட்டத்தின் மலர்களிலும் உரிமைப் பக்கம் என ஒன்று உண்டு. உரிமை ஆசிரியருக்கே என்று அதில் போடுவது வழக்கம். பத்தாண்டுகளாக இங்கே படிக்கப்பட்ட பாடல்களின் ஆசிரியர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுடைய பாடல்களை மறுபடி வெளியிட யாரிடம் இசைவு கேட்பது என்பதற்குப் பல இடங்களில் விடையில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பாடல்களுக்கு உரிய இசைவை இப்போதே எழுதிக் கொடுப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். விருப்பமில்லாதவர் இல்லை என்றே எழுதிக் கொடுக்கலாம், அதுவும் தெளிவுதான்.

என் பங்கை இங்கேயே எழுதிவிடுகிறேன். இக்கட்டுரையை எவரும் படியெடுக்கலாம், வகுப்பில் வழங்கலாம், விற்கும் நூலிலும் சேர்க்கலாம். என் பெயரையும் இம்மலரின் பெயரையும் நீக்காமல் வழங்க வேண்டும். பிழை கண்டவர் திருத்தி, திருத்திய இடத்தைக் குறித்து, தம் பெயரையும் நாளையும் அருகில் எழுதுக.